வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வங்கி வழக்கறிஞர் மறுக்கிறார்: முன்பணம் கொடுத்துவிட்டோம், என்ன செய்வது?

கோமதிபுரம் வாடகைவீடு:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளில் மதுரைக்குள்ளேயே ஐந்து வாடகை வீடு மாறிவிட்டோம். போன தை மாதம், மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு இரவே இனி சொந்த வீடுதான் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வீடு பார்த்தே கழிந்தது. ஒத்தக்கடை, சிலைமான், விளாங்குடி, நாகமலைப் புதுக்கோட்டை என்று அலைந்து, கடைசியில் நத்தம் சாலையில் ஊமச்சிகுளத்துக்கு அருகே ஒரு வீடு மனதுக்குப் பிடித்தது. 3 சென்ட் இடம், இரண்டு படுக்கையறை, கொல்லையில் ஒரு முருங்கை மரம். விலை 38 லட்சம்.

வைகாசியில் 3 லட்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதினோம். 90 நாள் கெடு. 2 லட்சம் வங்கி வழியாகவும் 1 லட்சம் ரொக்கமாகவும் கொடுத்தோம். ஒப்பந்தம் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டது, பதிவு செய்யவில்லை. 30 வருட வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம். 2006ஆம் ஆண்டு பாகப்பிரிவினை ஒன்றுதான் இருக்கிறது. பட்டா விற்பவர் பெயரில்தான் இருக்கிறது. வேறு என்ன வேண்டும் என்று நிம்மதியாக இருந்தோம்.

இப்போது வங்கியில் லீகல் பார்த்த வழக்கறிஞர் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். "சகோதரிகளின் கையெழுத்து இல்லை" என்று ஒற்றை வரி மட்டும் எழுதியிருக்கிறார். விற்பவரைக் கேட்டால், "அக்கா தங்கைக்கு அப்போதே நகை போட்டுச் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை" என்கிறார். ஆடி பிறப்பதற்குள் கிரையத்தை முடியுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று தரகர் தினமும் போன் செய்கிறார். கெடு முடிய இன்னும் 34 நாள்தான். இந்த 3 லட்சம் என் சீட்டுப் பணமும் என் அம்மா கொடுத்த வளையலும். தயவுசெய்து விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்த் தம்பி:

அக்கா, இதற்குப் போய்ப் பயப்படாதீர்கள். பாகப்பிரிவினை நடந்து 12 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி யாரும் உரிமை கேட்டு வர முடியாது. அந்த வங்கி இல்லையென்றால் வேறு நிதி நிறுவனம் கடன் தரும், வட்டி ஒன்றரை சதவீதம் கூட இருக்கும், அவ்வளவுதான். எங்கள் சித்தப்பா அப்படித்தான் வாங்கினார்.

திருமங்கலம் பத்திர எழுத்தர்:

தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த ஆலோசனையைக் கேட்டால் அந்தப் பெண்ணின் சேமிப்பு முழுவதும் மூழ்கிவிடும். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவத்தில் இருந்தால், மற்றவர்களுக்காகவும் சேர்த்தே அவர் இருக்கிறார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அது அவர்களுக்கும் தெரிந்து, அதன் பிறகு 12 ஆண்டு கழிந்ததா என்று பார்க்க வேண்டும். அண்ணன் வீட்டில் குடியிருந்தார், தங்கை பொங்கலுக்கு வந்து போனாள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

அம்மா, நீங்கள் மூன்று விவரம் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அவர் எந்த ஆண்டு காலமானார்? உயில் எழுதி வைத்தாரா?

கோமதிபுரம் வாடகைவீடு:

நன்றி ஐயா. விற்பவரின் அப்பா 1978இல் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரையம் வாங்கிய நிலம். 2003இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் தாயாரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். உயில் இல்லை. இரண்டு மகன், இரண்டு மகள். மகன்கள் இருவரும் மட்டும் 2006இல் பிரித்துக்கொண்டார்கள். இளைய மகன்தான் எங்களுக்கு விற்கிறார். மகள்கள் இருவருக்கும் 1989க்கு முன்பே திருமணம் ஆகிவிட்டதால் சொத்தில் பங்கு கிடையாது என்று தரகர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா?

திருமங்கலம் பத்திர எழுத்தர்:

இந்த 1989 கதையைச் சொல்லி எத்தனை குடும்பத்தில் பெண்களை ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை என் மேசையில் உட்கார்ந்து முப்பது ஆண்டாகப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1989இல் வந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அதில்தான் திருமணமான மகள், ஆகாத மகள் என்ற பாகுபாடு இருந்தது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. உங்கள் விஷயத்தில் இந்த இரண்டுக்குமே வேலை இல்லை. அப்பா தானே சம்பாதித்து வாங்கிய நிலம், உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அப்படியானால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. கல்யாணம் எப்போது நடந்தது, எத்தனை பவுன் போட்டார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை.

நான்கு பிள்ளைகள், ஆளுக்குக் கால் பங்கு. நீங்கள் முன்பணம் கொடுத்த இடத்தில் பாதி அந்த இரண்டு பெண்களுடையது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும். கையெழுத்தே கேட்கப்படாத மகள் அதில் எப்படித் தெரிவாள்? பட்டாவும் வருவாய்த்துறைக் கணக்குதான், அது மட்டும் உரிமையைத் தீர்மானிக்காது. உங்கள் வங்கி வழக்கறிஞர் எழுதிய அந்த ஒற்றை வரிக்கு நீங்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் 2003 மரணத்துக்கான வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். மகள்கள் இருவரும் உயிரோடு இருந்தால், தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விற்பவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம், அல்லது உங்கள் கிரையப் பத்திரத்திலேயே அவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். 2006இல் மூத்த மகனும் பங்காளியாக இருந்தாரே, அவரையும் சேர்த்துவிடுவது நல்லது.

தனக்கன்குளம் அக்கா:

தங்கையே, உன் எழுத்தைப் படித்ததும் நான்கு வருடத்துக்கு முன் நான் நின்ற இடம் நினைவுக்கு வந்தது. ஒன்று கேட்கிறேன். வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்த்துவிட்டாரா? 80 சதவீதம் கடன் என்று சொல்வது நாம் பேசிய விலைக்கு இல்லை. எங்களுக்கு அது கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. வட்டிக்கு வாங்கி நிரப்பினோம், இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கோமதிபுரம் வாடகைவீடு:

அக்கா, அதுவும் நடந்தது. 33 லட்சம்தான் மதிப்பு என்று போட்டிருக்கிறார்கள். 38 லட்சத்தில் 80 சதவீதம், 30.4 லட்சம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம். இப்போது 26.4 லட்சம். பதிவுச் செலவு வேறு. 4 லட்சத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் லீகலும் திரும்பி வந்தது. விற்பவரோ, பத்திரத்தில் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பான 24 லட்சத்தை மட்டும் போடுவோம், மீதியைக் கையில் கொடுங்கள் என்கிறார்.

தனக்கன்குளம் அக்கா:

வேண்டவே வேண்டாம். பத்திரத்தில் 24 என்று எழுதினால் வங்கிக் கடனும் அதற்கேற்பச் சுருங்கும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீ கொடுத்தது 24தான் என்று அவர்கள் சொல்வார்கள். பதிவுச் செலவை முழு விலைக்கே கணக்கிட்டு வைத்துக்கொள். முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்த்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்துக்கு 3 லட்சத்து 42 ஆயிரம். இவ்வளவு விலையுள்ள வீட்டுக்கு இதை வங்கி கடனில் சேர்க்காது, நம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த 1 லட்சம் ரொக்கத்துக்கு ரசீது இருக்கிறதா? நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதற்கு 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான். அவர் மறுத்துப் பேசினால் இதை நினைவுபடுத்து.

கோமதிபுரம் வாடகைவீடு:

ஒப்பந்தத்திலேயே இரண்டு தொகையும் தனித்தனியாக எழுதியிருக்கிறது, அவர் கையெழுத்தும் இருக்கிறது. அந்த மட்டில் தப்பித்தோம்.

நேற்று நானும் கணவரும் சோழவந்தான் போய் விற்பவரின் அக்காவைப் பார்த்தோம். அறுபது வயது இருக்கும். வெற்றிலைக் கொடிக்கால் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த இடத்தில் நெல் விளைந்தபோது நாற்றுக்கட்டுச் சுமந்தவள் நான். விற்கப்போகிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது" என்றார். ஆனாலும் தம்பி வந்து முறையாகக் கேட்டால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்தது கேளுங்கள். விற்பவரின் தங்கை 2015இல் இறந்துவிட்டாராம். கணவர் திருப்பூரில் இருக்கிறார். மகளுக்கு 22 வயது, மகனுக்கு 16. அவர்களுடைய கையெழுத்தும் வேண்டுமா?

வழக்கறிஞர், மதுரை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த இடத்தில் நிச்சயமாகப் பேச வேண்டும்.

இறந்த சகோதரியின் கால் பங்கு அவருடைய கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும், ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. 3 சென்ட் என்பது 1,306.8 சதுர அடி. அந்தப் பதினாறு வயதுப் பையனின் பங்கு ஏறக்குறைய 109 சதுர அடி. சிறிய அளவுதான், ஆனால் அதை விற்கும் அதிகாரம் இன்று யாருக்கும் தானாகக் கிடையாது. இளவரின், அதாவது 18 வயது நிறையாதவரின், சொத்தை அப்பாவே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும், 1956ஆம் ஆண்டு இந்து இளவர் பாதுகாவலர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவசியம் இருக்கிறது, அல்லது பையனுக்குத் தெளிவான நன்மை இருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால்தான் அனுமதி தரும். அனுமதி இல்லாமல் அப்பா கையெழுத்துப் போட்டால், பையன் 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம். அதாவது ஐந்து ஆண்டுகளுக்கு உங்கள் தலைமேல் அந்தக் கத்தி தொங்கும்.

34 நாளில் இது முடியாது. விற்பவர் உங்களுக்காக நீதிமன்றம் போய்க் காத்திருக்கத் தயாராக இருந்தால் கெடுவை எழுத்தில் நீட்டுங்கள், வாய்ப்பேச்சு உதவாது. இல்லையென்றால் விலகுங்கள். எந்த வழியானாலும் கெடு முடிவதற்குள் ஒப்புகைச் சீட்டுடன் விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் போக வேண்டும். நாங்கள் வாங்கத் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறோம், வில்லங்கம் இல்லை என்று நீங்கள் உறுதி கொடுத்தீர்கள், உரிமையில் இன்ன குறை இருக்கிறது, சரிசெய்யுங்கள் அல்லது முன்பணத்தைத் திருப்புங்கள் என்று இருக்க வேண்டும். இதை அனுப்பாமல் கெடு கழிந்தால், நீங்கள்தான் வாங்காமல் பின்வாங்கினீர்கள் என்று சொல்லி முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் செய்யவில்லை. ஆனாலும் பணம் கொடுத்ததற்கு அந்தத் தாள் சான்றுதான். விற்பவர் பக்கம் குறை இருந்து கிரையம் நடக்காமல் போனால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே உங்களுக்குப் பொறுப்புரிமை உண்டு, அதாவது அந்தச் சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கக் கேட்கலாம். இதையும் நோட்டீசில் எழுதச் சொல்லுங்கள்.

மேலூர்த் தம்பி:

அக்கா, நான் முதலில் சொன்னதைத் தயவுசெய்து பொருட்படுத்தாதீர்கள். என் சித்தப்பா வீட்டுப் பத்திரத்தை இன்றைக்கு எடுத்துப் பார்க்கப்போகிறேன். அங்கேயும் இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள்.

கோமதிபுரம் வாடகைவீடு:

இருபது நாள் கழித்து எழுதுகிறேன். நோட்டீஸ் போன நான்காம் நாள் விற்பவர் வீட்டுக்கே வந்து கோபமாகப் பேசினார். என் கணவர் குரலை உயர்த்தவில்லை, வாரிசுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். திருப்பூர்ப் பையனின் பெயரைச் சொன்னபோதுதான் அவர் அமைதியானார். நீதிமன்றம் போய்க் காத்திருக்க முடியாது என்றார். 3 லட்சத்தையும் வங்கி வழியாகவே திருப்பிவிட்டார். ஒப்பந்தத்தை ரத்து செய்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். லீகல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கடன் விண்ணப்பக் கட்டணம் என்று வங்கிக்குக் கட்டியது திரும்பாது. போகட்டும்.

வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கார்த்திகை வரை தங்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த முருங்கை மரத்தை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. திருநகருக்கு அப்பால் இன்னொரு வீடு பார்த்திருக்கிறோம். இந்த முறை ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. மூலப்பத்திரமும் வாரிசுச் சான்றும் முதலில் வாங்கிவிட்டேன். ஒரே மகள், அவரேதான் விற்கிறார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் நீளமாகப் போகிறது. பழைய வாய்க்கால் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், விற்பவர் இல்லை என்கிறார். இதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஓய்வுபெற்ற நில அளவர்:

மகளே, அந்தப் பள்ளத்தைக் கவனித்தாயே, நல்லது. மதுரையைச் சுற்றிக் கண்மாய்க்குக் கண்மாய் தொடுப்பு உண்டு. மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. அந்தக் கால்வாயைத் தூர்த்து வீடு கட்டினாலும் தண்ணீர் தன் வழியை மறக்காது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நிலத்தின் அளவைக் காட்டும் புல வரைபடத்தையும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ பதிவேட்டையும் எடு, இரண்டும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். உன் புல எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதே. பின்னால் ஒட்டியிருக்கும் புல எண்ணுக்கு அ பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று பார். வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் வரைபடத்தில் அதன் அகலம் தெரியும். அந்த அளவைப் பின்சுவரிலிருந்து நாடா பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சுவர் உள்ளே தள்ளி நிற்கிறதா, புறம்போக்கில் ஏறி நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

புல எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு. சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், கணவரையும் கூட்டிக்கொண்டு வா. கண்மாய்க் கரையிலிருந்தே நடந்து வந்து பார்த்துவிடுவோம். நாடா நான் எடுத்து வருகிறேன்.