ஹௌல்ஸ் மூவிங் கேஸில்: சோஃபிக்கு எந்த நொடியில் வயசு ஏறுது?

தொப்பிக்கடை:
அந்தப் புல்வெளிக் காட்சி. படம் பார்த்தவங்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவங்களுக்கு மட்டும்: இது மியாசாகி இயக்கின அனிமேஷன் படம். தொப்பிக்கடையில வேலை பார்க்கிற 18 வயசு சோஃபியை ஒரு சூனியக்காரி சாபம் போட்டு 90 வயசுக் கிழவி ஆக்கிடுறா. அவ போய்ச் சேர்றது மந்திரவாதி ஹௌலோட நடக்கும் கோட்டையில. ஹௌல் கதவைத் திறந்து காட்டுறான், சோஃபி பூக்களுக்கு நடுவுல ஓடுறா. ஓடும்போது 18 வயசுப் பொண்ணு. முதுகுல கூன் இல்ல, முகத்துல சுருக்கம் இல்ல, முடி மட்டும் வெள்ளி. இந்தப் பூவை வெச்சு ஒரு பூக்கடை போட்டுக்கலாம்னு அவன் சொன்னதும், நம்மள விட்டுட்டுப் போகப்போறான்னு அவளுக்குப் புரிஞ்சிடுது. நான் அழகி இல்ல, கூட்டிப் பெருக்கத்தான் லாயக்குன்னு சொல்றா. அதைக் கேட்டுப் பதறிப்போய் அவன் ‘நீ அழகுதான்’னு சொல்றான்.

அடுத்த ஷாட்ல கிழவி.

எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வெட்டு உறுத்துது. தன்னைத் தானே மட்டம் தட்டினப்போ ஏறாத வயசு, அடுத்தவன் பாராட்டினதும் ஏறுது. வயசாயிட்டா இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சிரிச்சு மழுப்புறா பாருங்க, அது அதைவிடக் கொடுமை.

மழைக்குருவி:
பாராட்டினதால் இல்லை. கவனிக்கப்பட்டதால்.

அரண்மனையை நினைத்துப் பாருங்கள். ஹௌலின் அம்மா வேஷத்தில் போயிருக்கிறாள். அரண்மனை மந்திரவாதி சுலிமான் அம்மையார் ஹௌலைக் குறை சொல்லச் சொல்ல, இவள் எழுந்து அவனுக்காக வாதாடுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சுருக்கங்கள் போய்விடுகின்றன, குரல் நிமிர்ந்துவிடுகிறது. அங்கே அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சுலிமான் பேச்சை அவள் பக்கம் திருப்பி, ‘உனக்கு அவன்மேல் காதல்’ என்று சொன்ன மாத்திரத்தில் மறுபடி கிழவி.

தூங்கும்போது நடப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ராத்திரி ஹௌல் திரையை விலக்கிப் பார்க்கிறான், படுத்திருப்பது சின்னப் பெண். தூக்கத்தில் தன்னை எடைபோட முடியாதே.

சோளக்கொல்லை பொம்மை:
இவ்வளவு யோசிக்கணுமா ப்ரோ? சூனியக்காரி சாபம் போட்டா, கடைசியில முத்தம் கொடுத்ததும் சாபம் போச்சு. தேவதைக் கதை எல்லாம் அப்படித்தானே.

தொப்பிக்கடை:
பேரை மட்டும் பொம்மைன்னு வெச்சுக்கிட்டா போதாது, அந்தப் பொம்மை கதையையும் பார்த்திருக்கணும். முத்தத்துல சாபம் போறது அவனுக்குத்தான். டர்னிப் தலை சோளக்கொல்லை பொம்மை இளவரசனா மாறுறான் இல்லையா, அது அசல் தேவதைக் கதை. பக்கத்துலயே நிக்கிற சோஃபிக்கு அப்படி எதுவும் நடக்கல. கோட்டையை நடக்க வைக்கிற நெருப்புப் பூதம் கால்சிஃபருக்குத் தன் சடையைத் தின்னக் கொடுத்து, கோட்டை நொறுங்கி விழுந்து, கதவு வழியா ஹௌலோட சின்ன வயசுக்குள்ள போறாளே, அப்பவே அவ இளம்பொண்ணு. முத்தம் எல்லாம் அதுக்கு அப்புறம். வரிசையா ஒருதடவை ஓட்டிப் பாருங்க. அவளோட சாபம் தீர்ந்த இடம்னு தனியா ஒரு காட்சியே படத்துல கிடையாது.

வட்டக்கண்ணாடி:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வயது மாற்றத்தைக் கவனிக்க நினைப்பவர்கள் ஜப்பானிய ஒலியில் பாருங்கள். 18 வயது சோஃபிக்கும் 90 வயது சோஃபிக்கும் குரல் ஒருவர்தான்: சியேகோ பைஷோ. 1941-ல் பிறந்தவர், 2004-ல் படம் வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். ஆங்கிலத்தில் இளம் சோஃபிக்கு எமிலி மார்ட்டிமர், கிழவிக்கு ஜீன் சிம்மன்ஸ். இருவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சின் நடுவில் வயது மாறும் இடங்களில் ஆள் மாறியது காதில் விழுந்துவிடுகிறது. அரண்மனைக் காட்சிக்கு அது பெரிய நஷ்டம். ஜப்பானியத்தில் அதே தொண்டையின் கரகரப்பு குறைகிறது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது ஒரே ஆள் என்பதை அந்தக் குரல் சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

இசையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாயகியின் முகம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் படம் முழுக்க ஒரே மெட்டு ஓடட்டும் என்று மியாசாகி கேட்டுக்கொண்டார். இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷி ஒரு வால்ட்ஸைப் பிடித்து, அதையே பியானோ, முழு இசைக்குழு என்று விதவிதமாக மாற்றிப் போட்டிருக்கிறார்.

பார்க்கும் முறை: முதல் தடவை கதைக்காக 119 நிமிடமும் நிறுத்தாமல் பார்த்துவிடுங்கள். இரண்டாம் தடவை சோஃபியை மட்டும். முதலில் முதுகு, பிறகு கை, பிறகு குரல், முகம் கடைசியில்தான். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஷாட் மாறும்போது தப்பிவிடும். முதுகு அப்படி ஏமாற்றாது. சாபம் விழுந்த அன்று கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நகர்கிறவள், கோட்டையில் துடைப்பம் எடுத்த பிறகு எப்படி நடக்கிறாள் என்று பாருங்கள். முகம் இன்னும் கிழவி, நடை இல்லை. 90-க்கும் 18-க்கும் நடுவே பல படிகள் வரைந்திருக்கிறார்கள். கிழவி, குமரி என்று இரண்டே உருவம்தான் என நினைத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் படம் குழப்பும்.

இன்னொன்று, இரண்டாம் தடவை வசனவரியை அணைத்துவிடுங்கள். கண் திரையின் அடியிலேயே கிடந்தால் எதுவும் தெரியாது.

கறுப்புப்பூனை:
ஒரே குரல் என்று சொன்னதும் கிக்கி ஞாபகம். ‘கிக்கிஸ் டெலிவரி சர்வீஸ்’, அதே மியாசாகியின் 1989 படம். அந்தச் சின்னச் சூனியக்காரி கிக்கிக்கும், காட்டில் குடிசை போட்டு ஓவியம் வரையும் உர்சுலாவுக்கும் குரல் ஒருவரே, மினாமி தகாயாமா. பறக்கும் சக்தி போய் உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு, எனக்கும் வரைய வராமல் போனதுண்டு என்று வழி சொல்வது கொஞ்சம் வயது கூடிய அவளேதான்! கிக்கியின் பூனை ஜிஜியின் பேச்சு அவளுக்குத் திரும்பப் புரிவதே இல்லை. 1998 ஆங்கில ஒலிப்பதிவில் கடைசியில் பூனைக்கு ஒரு வசனம் சேர்த்து அதைக் கெடுத்து வைத்தார்கள். சக்தி திரும்பி வந்தால் எல்லாமே பழையபடி திரும்பியாக வேண்டும் என்று யார் சொன்னது? இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால்...

தொப்பிக்கடை:
அண்ணே, தனி இழை போடுங்க, கண்டிப்பா வர்றேன். இங்க சோஃபி.

அத்திப்பழம்:
இந்தப் படத்தின் மூல நாவலைப் படித்தவர்கள் யாரும் வரவில்லையா? டயானா வின் ஜோன்ஸ், 1986. அதில் சோஃபி மூன்று சகோதரிகளில் மூத்தவள். தேவதைக் கதைகளில் மூத்தவள் எங்கே உருப்பட்டாள், எனக்கும் அதே கதிதான் என்று அவளே எழுதி வைத்துக்கொண்டு தொப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தில் தங்கை லெட்டி மட்டும்தான். ‘உன் வாழ்க்கையை நீதான் தீர்மானிக்கணும்’ என்று கடை வாசலில் சொல்லி அனுப்புவதோடு சரி.

புத்தகத்தில் சாபத்தைப் பற்றி ஹௌலுக்கு முன்பே தெரியும். அவளிடம் சொல்லாமல் எடுத்துப் பார்க்கிறான், எடுபடவில்லை. இவளுக்கு இந்த வேஷம் பிடித்திருக்கிறது போல என்று முடிவுக்கு வந்து விட்டுவிடுகிறான். மழைக்குருவி சொன்னது அங்கே நேராகவே இருக்கிறது. கிழவியாக இருந்தால் யாரும் அழகை எதிர்பார்க்க மாட்டார்கள். அதட்டலாம், பேரம் பேசலாம், அடுத்தவர் வீட்டு அடுப்பங்கரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். 18 வயதில் அவளுக்கு வராத துணிச்சல் எல்லாம் 90-ல் வருகிறது. படத்தில் சாபம் விழுந்த பிறகு கண்ணாடியைப் பார்த்து, இப்போதுதான் உடுப்பு பொருத்தமாக இருக்கிறது என்று அவள் சொல்வதை வெறும் நகைச்சுவையாக விட்டுவிடாதீர்கள்.

மழைக்குருவி:
அதற்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது, படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில். கடையில் எல்லோரும் போன பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்க்கிறாள். உடனே முகம் சுளித்து, விளிம்பைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புகிறாள். மூன்று நொடி இருக்குமா? சூனியக்காரி அப்போது கடைக்குள் காலே வைக்கவில்லை.

சோளக்கொல்லை பொம்மை:
சரி, முத்தத்தை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். சாபம் போயிடுச்சுன்னா முடி ஏன் பழைய பழுப்புக்குத் திரும்பல?

தொப்பிக்கடை:
இப்பதான் கேள்வி. முடிக்காக இந்தப் படத்துல ஏற்கெனவே ஒருத்தன் செத்துப் பிழைச்சிருக்கான். குளியலறையைச் சுத்தம் பண்றேன்னு சோஃபி அலமாரிப் புட்டிகளை இடம் மாத்தி வெச்சா. ஹௌலோட பொன்னிற முடி ஆரஞ்சாகி, அப்புறம் கறுப்பாச்சு. அழகா இல்லன்னா வாழ்ந்தே பிரயோஜனம் இல்லன்னு உடம்பெல்லாம் பச்சைக் கூழ் வடிய உட்கார்ந்தான். நான் ஒருநாளும் அழகா இருந்ததே இல்லன்னு கத்திட்டு இவ மழையில போய் அழுதா.

அந்த ஹௌல் கடைசியில அதே கறுப்பு முடியோட கண்ணைத் திறக்கிறான். சாயத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அவளைப் பார்த்ததும் சொல்றது அவ வெள்ளி முடியைப் பத்தி: நட்சத்திர வெளிச்சத்தோட நிறம்னு. இந்தத் தடவை அவளுக்கு வயசு ஏறல.