டிபிஎஃப் அடைத்துக்கொண்டது: மண்டபம் பக்கத்து மீன் வண்டி அனுபவம்

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏற்றும் பிக்கப் வண்டிக்காரர்களுக்கு இப்போது பெரிய தலைவலி டிபிஎஃப்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் சைலன்சர் லைனில் உட்கார்ந்திருக்கிற கரி வடிகட்டி. என் மச்சான் வண்டியில் அது அடைத்துக்கொண்டபோது கூடவே இருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

அவருக்கு முழுக்கக் குட்டி ஓட்டம். விடியற்காலையில் இறங்குதளத்தில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்பார். பெட்டி ஏற்றியதும் ஐஸ் கம்பெனி, அப்புறம் உச்சிப்புளி, திரும்ப வீடு. வடிகட்டியில் சேரும் கரி எரிய நல்ல சூடு வேண்டும். ஓட்டத்தில் அந்தச் சூடு வராதபோது வண்டியே கூடுதலாக டீசல் தெளித்து 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துக்கொள்ளும். பாதியில் சாவியைத் திருப்பி அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும். மஞ்சள் விளக்கு எரிந்த அன்றைக்கே பரமக்குடி வரை ஒரே சீராக விரட்டிப் பார்த்திருக்கலாம். சீசன் நேரம், லோடை விட மனசில்லை. பாம்பன் பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறிய பிறகுதான் ஓரங்கட்டினார்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கழற்றி வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் அடி என்றார் ஒருவர். பெட்ரோல் ஊற்றி ஊறவை என்றார் இன்னொருவர். "மச்சான், யார் சொன்னாலும் அதில் கை வைக்காதீங்க" என்று சொல்லி ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனேன். உள்ளே இருப்பது பீங்கான் மாதிரியான பொருள். தேன்கூடு போல நுணுக்கமான துளைகள், அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று அடைத்திருக்கும். புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே போகும். பிரஷர் தண்ணீர் அந்தச் சுவரை விரிசல் விடவைக்கும், கரியையும் சேறாக்கி இன்னும் ஆழத்தில் அடைக்கும். பெட்ரோலில் ஊறியதைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால் தீப்பிடிக்கத்தான் வழி.

மெக்கானிக் அண்ணன் எடுத்தவுடன் கழற்றவில்லை. முதலில் ஸ்கேனரில் வடிகட்டிக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற புகையின் பிரஷர் வித்தியாசம் பார்த்தார். அப்புறம் சென்சாருக்குப் போகிற இரண்டு சின்ன ரப்பர் ஹோஸையும் கையால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஹோஸ் ஓட்டையாக இருந்தாலும் தப்பான ரீடிங் வருமாம். கரி அளவு எல்லை மீறிவிட்டதால் ஸ்கேனர் வைத்துக் கட்டாயமாக எரிப்பதும் வேண்டாம் என்றார். அவ்வளவு கரி ஒரே நேரத்தில் பற்றினால் சூடு தாங்காமல் வடிகட்டியே பிளந்துவிடும்.

நம் ஊர் உப்புக்காற்றுக்கு போல்ட் எல்லாம் துருவேறி இறுகிக் கிடந்தது. வண்டி முழுக்க ஆறும்வரை காத்திருந்து, ஸ்டாண்ட் போட்டு, துரு இளக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி விட்டுத்தான் கழற்றினார்கள். புகை வரும் பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. வெளியே போகும் பக்கத்தில் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தார், துணி கிட்டத்தட்ட அப்படியே வந்தது. "இந்தப் பக்கம் கரி வந்தா உள்ள உடைஞ்சிருக்குன்னு அர்த்தம் தம்பி, இது பிழைச்சுக்கும்" என்றார்.

கம்ப்ரசர் காற்றைத் திறந்த வெளியில் அடிக்கவே கூடாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-லேயே அறிவித்துவிட்டது. அந்தக் கரித்தூளை முகத்துக்கு நேரே ஊதிக்கொள்வதா? துவாரங்களை பிளாஸ்டிக் சுற்றி அடைத்து, என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடிய பெட்டிக்குள் வைத்துச் சுத்தம் செய்யும் மெஷின் உள்ள இடத்துக்கு அனுப்பினார். அங்கே சூளையில் வாட்டிக் கரியை எரித்து, பிறகு புகை வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றடித்துச் சாம்பலைத் தள்ளுகிறார்கள். சாம்பல் எஞ்சின் ஆயிலிலிருந்து வருவது, எவ்வளவு சூடேற்றினாலும் எரியாது. போகும்போதும் வந்தபோதும் மச்சான் மீன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தார். நூறு கிராம் சொச்சம் குறைந்திருந்தது. புது கேஸ்கெட் போட்டு, அம்புக்குறி பார்த்து மாட்டி, ஸ்கேனரில் பழைய கணக்கை அழித்ததும் இழுவை திரும்பிவிட்டது.

தொண்டியிலிருந்து, ஐஸ் வண்டி ஓட்டுபவர்:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஒன்று சேர்க்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரமாக நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஐடில் கொஞ்சம் ஏறி, ஃபேன் சத்தமாக ஓடியது. வண்டி கரியை எரித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் கீழே காய்ந்த புல்லும் கருவேலஞ் சருகும். தீய்ந்த வாசம் வந்ததுமே வண்டியைத் தார் ரோட்டுக்கு ஏற்றி, புகைந்த இடத்தில் மண்ணள்ளிப் போட்டேன். கோடையில் நிறுத்தும் இடத்தைக் குனிந்து பார்த்து நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள்ளும் ஓடவிட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

கீழக்கரையிலிருந்து:

எங்கள் வண்டியில் ஆயில் குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போனது, முகர்ந்தால் டீசல் வாசம். எரிப்பு பாதியில் நின்று நின்று, எரியாத டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும், உடனே மாற்றுங்கள். மாற்றும்போது மேனுவலில் சொல்லியிருக்கிற, சாம்பல் குறைவான ஆயிலையே கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும். வடிகட்டியை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறோம் என்று சிலர் கூப்பிடுவார்கள். அது சட்டவிரோதம். நம் தெருவில் நடக்கிற பிள்ளைகள்தான் அந்தக் கரியை மூச்சில் இழுக்கும், போகாதீர்கள்.