பொருள்: கோஸ்ட் செல், கோஸ்ட் பார்ட்டிகிள் – தமிழில் ஒரு சொல்லா, இரண்டா?

வணக்கம்.

எம்ஃபிக்ஸ்-எக்ஸா நிரலைப் பற்றித் தமிழில் எழுதுவதற்குச் சொல் தேவை. வாயுவை வலையறைகளிலும் திண்மத்தைத் தனித்தனித் துகள்களாகவும் கணிக்கும் நிரல் இது. கணிக்கும் களத்தைப் பெட்டிகளாக வெட்டி ஜிபியுக்களுக்கு (வரைகலைச் செயலிகளுக்கு)ப் பங்கிடுகிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்துப் பெட்டியின் ஓரத்துத் தரவு கொஞ்சம் வேண்டும். அதைத் தாங்குபவை கோஸ்ட் செல், கோஸ்ட் பார்ட்டிகிள். பேயறை, பேய்த்துகள் என்றால் வாசகர் சிரித்துவிடுவார். இரண்டுக்கும் பொதுவாக ‘இரவல்’ சரிவருமா?

செல்லுக்குக் ‘கட்டம்’ வேண்டாம். வாயு, திண்மம் என்ற நிலையைக் குறிக்கும் ஃபேஸுக்கும் (phase) அதையே போடுபவர்கள் உண்டு. பல்கட்டப் பாய்வின் கட்டம் என்றால் எது எதுவென்று தெரியாது.

---

> இரண்டுக்கும் பொதுவாக ‘இரவல்’ சரிவருமா?

இரவல் கொடுத்தவர் கையில் பொருள் இருக்காது. இங்கே அசல் துகள் தன் பெட்டியிலேயே இருக்கிறது. பக்கத்தில் இருப்பது அதன் நகல். அதுவும் சட்டெனப் பழசாகிவிடும் நகல். 200 மைக்ரான் விட்டம், கனமீட்டருக்கு 2500 கிலோ அடர்த்தி, மோதும் துகள்களுக்கிடையே இருப்பதாகக் கொள்ளும் சுருள்வில்லின் விறைப்பு (சுருள்மாறிலி) 10 நியூட்டன்/மீ என்று வையுங்கள். மோதல் நேரம் ஏறத்தாழ 72 மைக்ரோ விநாடி. அதில் 50-இல் ஒரு பங்கைத் துகள் காலப்படியாக எடுத்தால், 100 மைக்ரோ விநாடிப் பாய்மப் படி ஒன்றுக்குள் சுமார் 70 துகள் படிகள். ஒவ்வொன்றிலும் நகலின் இடம், வேகம், சுழற்சி மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். வேகத்தை மட்டும் விட்டுவிட்டால் தணிப்பு விசை இரு பக்கமும் வெவ்வேறாக வரும், உந்தம் காக்கப்படாது. எல்லைக்கோட்டின் மேல் இரண்டே துகள்களை மோதவிட்டு, ஒரு பெட்டியிலும் இரு பெட்டிகளிலும் ஓட்டி ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

என் வாக்கு ‘நகல் துகள்’. (‘நகற்றுகள்’ என்று யாரும் புணர்த்திவிடாதீர்கள்.)

---

‘நகல்’ அரபு வழி வந்த சொல். ‘அயல் துகள்’ என்றால் என்ன? நிரலுக்கு அடித்தளமான ஏஎம்ரெக்ஸ் நூலகமே இவற்றை நெய்பர் பார்ட்டிகிள் என்றுதானே அழைக்கிறது?

---

> ‘அயல் துகள்’ என்றால் என்ன?

அந்தப் பெயரால்தான் குழப்பமே. மோதல் தேட வைத்திருக்கும் அயல் பட்டியலில் ஒரே பெட்டித் துகள்களும் இருக்கும். அயல் பட்டியலில் உள்ளதெல்லாம் அயல் துகள் அல்ல என்று அடிக்குறிப்பு போட வேண்டிவரும். நகலே இருக்கட்டும், பத்திர அலுவலகம் வரை போன சொல்.

ஆனால் அறைக்கு நகல் பொருந்தாது. ஓரத்து அறைகளை நிரப்ப மூன்று வழிகள்: அதே மட்டத்துப் பக்கத்துப் பெட்டியிலிருந்து பிரதி, பருவலையிலிருந்து (பெரிய அறைகள் கொண்ட வலையிலிருந்து) இடைக்கணிப்பு, களத்தின் எல்லை நிபந்தனை. முதலாவது மட்டுமே நகல். போதாததற்கு, எதிர்த்திசையிலும் தரவு போகும். ஓரத்துத் துகள் தன் கனஅளவில் ஒரு பங்கை இந்த அறைகளில் இறக்கும். அதை உரிய பெட்டியில் திரும்பக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பெட்டி விளிம்பு நெடுகத் திண்மப் பின்னம் (அறையில் திண்மம் அடைக்கும் பங்கு) குறைந்து, படத்தில் கோடு கோடாகத் தெரியும். நகல் துகளையும் இறக்கவிட்டுக் கூட்டவும் செய்தால் அங்கே கணக்கு இருமுறை ஏறும். இழுவிசை கண்டபடி எகிறும்.

ஆகவே இடத்தைச் சொல்லும் பெயர்: ‘விளிம்பறை’.

---

விளிம்பறைக்கு என் வாக்கும். ‘விளிம்பறை அடுக்கு 2’ என்று எழுதவும் வசதி. 32×32×32 பெட்டிக்குச் சுற்றிலும் 2 அடுக்கு என்றால் 36×36×36, அதாவது 42 விழுக்காடு கூடுதல் நினைவகம். 8×8×8 என்று நறுக்கினால் 3.4 மடங்கு! பெட்டியைச் சிறிதாக்கினால் சுமை சமமாகும் என்று நறுக்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

திரும்பக் கூட்டும் செயலுக்கு ‘மீள்கூட்டல்’ போடலாமா? மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.