வானத்தை மூடாமல் கட்டுப்பாட்டு சிஸ்டத்தை எப்படி மாற்றுகிறார்கள்?

தயிர்சாதம்:
வங்கி மென்பொருள் வேலையில் இருக்கிறேன். புது வெர்ஷன் ஏற்ற வேண்டுமென்றால் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு சேவையை நிறுத்துவோம், ஏற்றுவோம், 5 மணிக்குத் திறந்துவிடுவோம். சொதப்பினால் பழையதற்கே திரும்பிவிடுவோம், திங்கள்கிழமை மேனேஜரிடம் திட்டு வாங்குவதோடு சரி. அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு ஈராம் என்று ஒரு சிஸ்டம் கொண்டுவந்த கதையை இப்போதுதான் படித்தேன். 20 வான்வழிக் கட்டுப்பாட்டு மையங்களிலும் 2010 இறுதிக்குள் முடிப்பதாகச் சொன்னது 2015 மார்ச்சில்தான் முடிந்ததாம். வானத்துக்கு லீவு விட முடியாது, புரிகிறது. ஆனாலும் நாலு வருஷத்துக்கு மேலா? சோதிக்காமலேயே ஏற்றிவிட்டார்களா?

ரேடார்பித்தன்:
சோதித்தார்கள். நியூஜெர்சியில் அட்லாண்டிக் சிட்டி பக்கம், அமெரிக்க விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்ஏஏவுக்குப் பெரிய ஆய்வகமே இருக்கிறது, அங்கே தேறிய பிறகுதான் சால்ட் லேக் சிட்டி, சியாட்டில் மையங்களுக்கு அனுப்பினார்கள். நெரிசல் குறைந்த இடங்கள் என்பதால் அவை முதலில். நள்ளிரவு ஷிப்டில், விமானங்கள் குறைவாக இருக்கும்போது சில மணி நேரம் புதியதில் ஓட்டுவது, ஏதாவது கோளாறு என்றால் ஹோஸ்ட் என்ற பழைய சிஸ்டத்துக்குத் திரும்புவது. அதாவது உங்கள் ஞாயிறு 2 மணி வேலைதான், மேலே விமானங்கள் நிற்காது என்பது மட்டும் வித்தியாசம்.

அங்கேதான் வண்டவாளம் தெரிந்தது. திரையில் ஒவ்வொரு விமானத்தின் புள்ளிக்கும் பக்கத்தில் அதன் பெயர், உயரம், வேகம் எல்லாம் ஒரு சின்னக் கட்டமாக ஒட்டிக்கொண்டே நகரும், டேட்டா பிளாக் என்பார்கள். ஒரு விமானத்தின் தகவல் இன்னொன்றின் மேல் போய் ஒட்டிக்கொண்ட பிழை வந்தது. கட்டுப்பாட்டாளருக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது, ஏனென்றால் திரை கறுத்துப் போனால் சிஸ்டம் செத்தது என்று உடனே தெரிந்துவிடும், இதில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

அப்புறம் ஹேண்ட் ஆஃப். விமானம் ஒரு மையத்தின் எல்லையை நெருங்கும்போது அந்த டேட்டா பிளாக் பக்கத்து மையத்தின் திரையில் மினுக்கும், அங்கிருப்பவர் ஏற்றுக்கொண்டால் மினுக்கல் நிற்கும், அதன் பிறகுதான் இந்த மையத்துக்காரர் பைலட்டை அடுத்த அலைவரிசைக்கு மாறச் சொல்வார். அப்போது சால்ட் லேக் சிட்டி புதியதில் ஓடியது, சுற்றியுள்ள மையங்கள் பெரும்பாலும் இன்னும் ஹோஸ்ட்டில். இரண்டு தலைமுறை மென்பொருள் வானத்தின் நடுவே விமானத்தைக் கைமாற்ற வேண்டியிருந்தது. இது ஆய்வகத்தில் முழுசாக வராது. ஒவ்வொரு மையத்துக்கும் தனி வரைபடம், தனி செக்டர் (வான்வெளியைப் பிரித்த துண்டு), அக்கம்பக்கத்து மையங்களோடு தனி ஒப்பந்தம், பல வருஷமாகச் சேர்ந்த வழக்கம். அந்த உள்ளூர்த் தகவலோடு சேர்த்தால்தான் அது முழு சிஸ்டம்.

மூக்குத்திப்பூ:
மென்மையாகச் சொல்கிறீர்கள். நாளும் பொழுதும் திரையைப் பார்க்கிற கட்டுப்பாட்டாளர்களின் சங்கத்தை ஆரம்பத்தில் தள்ளியே வைத்திருந்தார்கள், அப்போது சம்பள ஒப்பந்தச் சண்டை வேறு. பிறகு அவர்களை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் வேலை ஓடியது. இடையில் செலவு 33 கோடி டாலர் ஏறியது என்று 2012இல் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவே எழுதியது. ஆய்வகத்தில் தேறியதை வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டதுதான் முதல் தப்பு என்பேன். சமையலை நம் வீட்டு அடுப்பில் ருசி பார்த்துவிட்டு கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு வைக்கிற மாதிரி.

தயிர்சாதம்:
கல்யாண சமையல் உதாரணம் பிடித்திருக்கிறது. சரி, முழுசாக ஓட ஆரம்பித்த பிறகு பிரச்சினை இல்லைதானே? இரண்டு சேனல், அதாவது இரண்டு கணினித் தொகுதிகள், ஒன்று போனால் இன்னொன்று என்றுதான் படித்தேன்.

ரேடார்பித்தன்:
ஆமாம், இரண்டு சேனல். ஒரு பெட்டி கெட்டுப்போனால் அது காப்பாற்றும். ஆனால் இரண்டிலும் ஒரே மென்பொருள். 2014 ஏப்ரல் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மையம் படுத்துவிட்டது. காரணம் ஒரே ஒரு யூ-2 உளவு விமானம். அதன் பயணத் திட்டம் ஏகப்பட்ட திருப்பங்களோடு இருந்தது, உயரம் சரியாகக் குறிப்பிடப்படவில்லை, கட்டுப்பாட்டாளர் 60,000 அடி என்று போட்டார். சிஸ்டமோ அது எந்த உயரத்திலும் பறக்கலாம் என்று எடுத்துக்கொண்டு எல்லா விமானங்களோடும் மோதுமா என்று கணக்குப் போட ஆரம்பித்தது, நினைவகம் தாங்கவில்லை. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட். 60,000 அடியில் அதன் பக்கத்தில் வர யாருமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 15, வாஷிங்டன் மையம். இது நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய கேஸ். ஒரு புது வெர்ஷனில், அடிக்கடி பார்க்கும் தகவல்களைத் தனி விண்டோவில் வைத்துக்கொள்ளும் வசதி கொடுத்தார்கள். வேண்டாததை அழித்தால் திரையிலிருந்து போய்விடும், நினைவகத்திலிருந்து போகாது. சேர்ந்துகொண்டே போய் வரம்பைத் தொட்டதும் மையம் முடங்கியது. நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்து. கட்டுப்பாட்டாளர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை, கொடுத்த வசதியைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே.

வடை_டிரைவர்:
இங்கிலாந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 2023 ஆகஸ்ட் 28. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரு விமானத்தின் திட்டத்தில் ஒரே பெயருள்ள இரண்டு வழிப்புள்ளிகள் (பாதையைக் குறிக்கும் பெயரிட்ட இடங்கள்), ஒன்று அமெரிக்காவில், இன்னொன்று பிரான்ஸில். பிரிட்டனைத் தாண்டி வெளியேறும் புள்ளியைத் தேடிய நிரல் தப்பான ஊரைப் பிடித்துக்கொண்டு, நம்பகமில்லாத தகவலைத் தருவதைவிட நிற்பதே மேல் என்று தானே நின்றுவிட்டது. மாற்று சிஸ்டம் எடுத்துக்கொண்டது, அதே திட்டத்தைப் படித்தது, அதுவும் நின்றது. எல்லாம் 20 விநாடிக்குள். பயணத் திட்டங்களைக் கையால் பதிய வேண்டியதாயிற்று, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளுக்குப் பாதிப்பு.

தயிர்சாதம்:
20 விநாடி! எங்கள் மாற்று சர்வரிலும் அதே பில்டுதான் ஓடுகிறது, வருஷம் இரண்டு முறை மின்சாரத்தைப் பிடுங்கித்தான் சோதிக்கிறோம். கோளாறான ஒரு பதிவை உள்ளே விட்டு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. திங்கள்கிழமை கேட்டுப் பார்க்கிறேன், பட்ஜெட் இல்லை என்பார்கள். ரேடார்பித்தன் அண்ணே, அந்த ஹோஸ்ட்டை எப்போதுதான் அணைத்தார்கள்?

ரேடார்பித்தன்:
ஒரேயடியாக இல்லை. ஒவ்வொரு மையமும் இரவு பகல் இரண்டிலும் புதியதிலேயே நிலையாக ஓடுகிறது என்று உறுதியான பிறகு அங்கே மட்டும். உங்கள் பழைய சர்வரையும் அவசரப்பட்டு ஸ்கிராப்புக்குப் போடாதீர்கள்.