மீடியல், லேட்டரல் எனக்கு மட்டும் ஏன் மாறி மாறி வருகிறது?

கேள்வி (நர்சிங் முதலாண்டு):
வணக்கம். பி.எஸ்சி நர்சிங் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். போன வாரம் அனாட்டமி (உடற்கூறியல்) வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மேடம் என் சுண்டுவிரலைத் தொட்டு, "இது மீடியலா, லேட்டரலா?" என்றார். கையை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். சுண்டுவிரல் வெளிப்பக்கம், கட்டைவிரல் உடம்பு பக்கம். அதைப் பார்த்து லேட்டரல் என்றேன். தப்பு என்று சொல்லி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

மீடியல் என்றால் உடம்பின் நடுக்கோட்டுக்குப் பக்கம், லேட்டரல் என்றால் நடுக்கோட்டை விட்டு விலகிய பக்கம். இது மனப்பாடம். அப்புறமும் பதில் எப்படித் தப்பானது? பிராக்ஸிமல், டிஸ்டலும் இப்படித்தான் குழப்புகின்றன. புரிந்துகொள்ள ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1 (வார்டு அக்கா):
தங்கச்சி, நீ மனப்பாடம் செய்த பொருள் சரி. கை இருந்த நிலைதான் உன்னை ஏமாற்றிவிட்டது. இப்போதே எழுந்து நில். முகம் நேராக, பாதம் முன்பக்கம் பார்க்க, கைகள் பக்கவாட்டில் தொங்கட்டும். அப்புறம் உள்ளங்கையை முன்பக்கம் திருப்பு. கட்டைவிரல் எங்கே போயிற்று? வெளியே. சுண்டுவிரல் தொடையை ஒட்டி நிற்கும். அனாட்டமியில் எல்லாச் சொல்லும் இந்த ஒரு நிலையை வைத்துத்தான். நோயாளி குப்புறப் படுத்தாலும், கையை மடக்கி மார்பில் வைத்திருந்தாலும், மனதுக்குள் அவரை இப்படி நிற்கவைத்துவிட்டுத்தான் பெயர் சொல்ல வேண்டும். அதனால் சுண்டுவிரல் எப்போதும் மீடியல். நாம் நாடி பார்க்கிற ரேடியல் பல்ஸ் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், அதாவது லேட்டரல்.

பிராக்ஸிமல், டிஸ்டல் உனக்கு ஏற்கெனவே தெரியும். பிளஸ் ஒன் உயிரியலில் சிறுநீரகப் பாடத்தில் அண்மை சுருள் குழல், சேய்மை சுருள் குழல் படித்தாய் அல்லவா? அதே அண்மையும் சேய்மையும்தான். கை காலில், உடம்போடு சேருகிற இடத்துக்குக் கிட்டே இருப்பது பிராக்ஸிமல், தள்ளிப் போனால் டிஸ்டல். மணிக்கட்டுக்கு முழங்கை பிராக்ஸிமல், அதே முழங்கை தோளுக்கு டிஸ்டல். எதை வைத்து எதைச் சொல்கிறோம் என்பதைச் சேர்த்தே சொல்லிப் பழகு. வார்டுக்கு வந்தால் தினமும் உதவும். மருந்து ஏற்றக் கையில் குத்துகிற வென்ஃபிளான் ஊசிக்குழாய் போடும்போது முடிந்தவரை டிஸ்டலில் தொடங்கு என்பார்கள். மேலே குத்தித் தவறிவிட்டு அதே ரத்தக்குழாயில் கீழே போட்டால், ஏற்றுகிற மருந்து மேலே உள்ள ஓட்டை வழியே கசிந்து கை வீங்கும்.

வலது இடதில் மட்டும் ரொம்பக் கவனம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வலது பக்கம் ஹெர்னியா உள்ள பெரியவர் ஒருவரைக் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, என் இடது கைப் பக்கம் இருந்ததால் 'இடது' என்று எழுதிவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் சரிபார்த்த சிஸ்டர் கண்ணில் பட்டதால் தப்பித்தது. அன்றைக்கு எனக்கு வந்த நடுக்கம் இன்னும் மறக்கவில்லை. வலது என்றால் நோயாளியின் வலது. இன்றும் அவர் கையைத் தொட்டு, "இது உங்க வலது கை, சரியா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதில் 2 (எக்ஸ்ரே பிரிவு):
அக்கா சொன்னதோடு ஒன்று. எக்ஸ்ரே படத்தை, நோயாளி உங்கள் எதிரே நிற்பதுபோல் பிடித்துப் பார்க்க வேண்டும். இதயத்தின் நுனி உங்கள் வலக்கைப் பக்கம் தெரியும், அது அவருடைய இடது. குறுக்குவாட்டு சிடி படத்தை, மல்லாந்து படுத்தவரைக் கால் பக்கமிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் உங்கள் இடப்பக்கம் வரும். படம் எடுக்கும்போது வலது, இடதுக்கான ஈய எழுத்து வைத்தே எடுப்போம். அதைத் தேடிப் பார்க்காமல் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

பதில் 3 (பிசியோ, மதுரை):
தமிழில் கை என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கை. பாடப்புத்தகத்தில் 'ஆர்ம்' என்றால் தோள் முதல் முழங்கை வரை மட்டும். 'லெக்' என்பது முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரை, தொடை அதில் சேராது. தமிழ் மீடியம் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கேதான் தடுக்குகிறார்கள்.

சுபினேஷன், புரோனேஷன் வரும்போது பயப்பட வேண்டாம். திருநீறு வாங்க ஏந்துகிற கை சுபினேஷன். அதைக் கவிழ்த்தால் புரோனேஷன். ஏந்தியிருக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் இணையாக நிற்கும், கவிழ்க்கும்போது ரேடியஸ் அல்னாவின் குறுக்கே போகும். இன்னொரு கையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் அது உருள்வது தெரியும். வைவாவில் உங்கள் கை கவிழ்ந்திருந்ததால் வந்த குழப்பம் இதுதான்.

கேட்டவர்:
அக்கா, அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. ஹாஸ்டல் அறையில் நின்று பார்த்தேன், கட்டைவிரல் வெளியே போனதும் புரிந்துவிட்டது. குழந்தைக்குப் பென்டாவேலன்ட் தடுப்பூசி போடுகிற இடத்துக்கு 'ஆன்டிரோலேட்டரல்' என்று எழுதியிருந்தது. தொடையின் முன்பக்கமும் வெளிப்பக்கமும் சேருகிற இடம் என்று நானே பிரித்துக்கொண்டேன். சரிதானே? இன்னொரு சந்தேகம். டார்சல் என்றால் முதுகுப் பக்கம். பாதத்தின் மேல்பக்கத்தை ஏன் டார்சம் என்கிறார்கள்? அது முன்னால்தானே இருக்கிறது?

வார்டு அக்கா:
தொடை சரி. நடுத்தொடை என்றும் சேர்த்துக்கொள். பாதத்துக்குத் தமிழையே பிடித்துக்கொள். கையில் உள்ளங்கை, புறங்கை. காலில் உள்ளங்கால், புறங்கால். புறம் என்றாலே முதுகு என்றும் ஒரு பொருள் உண்டு, புறமுதுகு என்கிறோமே. புறங்கையும் புறங்காலும் டார்சம். உள்ளங்கை பாமர், உள்ளங்கால் பிளான்டர்.