குரூப் மெடிக்ளெய்ம்: ஆளுங்களுக்குத் திருப்தியே இல்ல, பரிசு கொடுத்தா சரியாகுமா?

ராணிப்பேட்டை_ஹெச்ஆர்:
சிப்காட்ல ஷூ கம்பெனி. சம்பளம் 21,000 தாண்டி ஈஎஸ்ஐயை (அரசுத் தொழிலாளர் காப்பீடு) விட்டு வந்த 240 பேருக்கு குரூப் மெடிக்ளெய்ம், அதாவது கம்பெனி மொத்தமா எடுக்கிற மருத்துவக் காப்பீடு, போட்டிருக்கோம். குடும்பத்துக்கு 3 லட்சம், ரூம் வாடகை வரம்பு நாளுக்கு அதுல 1 சதவீதம். விவரத்தை 14 பக்க பிடிஎஃப்பா மெயில் பண்ணியாச்சு. ஆனாலும் "ஈஎஸ்ஐயே தேவலாம்"னுதான் பேச்சு. வருஷம் பூரா கிளெய்ம் போடாதவங்களுக்குப் பரிசு கொடுக்கலாம்னு நிர்வாகம் சொல்லுது. சரிவருமா?

கிளெய்ம்_டெஸ்க்:
பரிசு அப்புறம் சார், முதல்ல ரூம் வாடகையைப் புரிய வைங்க. ஈஎஸ்ஐயில பில்லையே பார்க்காதவங்க. பிடித்தம்னு ஒண்ணு இருக்கறதே டிஸ்சார்ஜ் அன்னிக்கு கவுண்டர்லதான் தெரிய வரும், கோபம் வராம என்ன பண்ணும்? உங்க பாலிசியில நாளுக்கு 3,000. 5,000 ரூபாய் ரூம்ல 4 நாள் இருந்தா 8,000தான் கைக்காசுன்னு நினைப்பாங்க. அப்படியில்ல. 5,000க்கு 3,000னா 60 சதவீதம், அதே விகிதம் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் மேலயும் விழும். அதெல்லாம் 60,000 ஆச்சுன்னா 36,000தான் வரும், மீதி 24,000 நம்ம தலையில. ஆக மொத்தம் 32,000 கையைக் கடிக்கும். மருந்து, இம்ப்ளான்ட், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு இந்த வெட்டு கூடாது. வெட்டியிருந்தா விடாதீங்க, கேளுங்க.

லைன் சூப்பர்வைசர் மெயிலைத் திறக்கமாட்டார். வாட்ஸ்அப்ல, தமிழ்ல, ஒரு தடவைக்கு ஒரே விஷயம்: "அட்மிஷன் போடும்போது 3,000 ரூபாய்க்குள்ள ரூம் கேளுங்க." இதையே அச்சடிச்சு ஈ-கார்டு (இன்சூரன்ஸ் அடையாள அட்டை) பின்னாடி ஒட்டிக் கொடுங்க.

வாலாஜா_வாசி:
பேர் தகராறையும் கவனிங்க. ஆதார்ல அப்பா பேர் முழுசா, ஈ-கார்டுல வெறும் இனிஷியல்னா கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியே நேரா பணம் கட்டுறது) கேள்வி மேல கேள்வியா நிற்கும். பாலிசியைப் புதுப்பிச்ச உடனே ஒவ்வொருத்தர்கிட்டயும் பேர் லிஸ்ட்டைக் காட்டி கையெழுத்து வாங்கிடுங்க. புதுசா கல்யாணமானவங்க, பிறந்த குழந்தை எல்லாம் பாலிசியில சொன்ன கெடுவுக்குள்ள சேரணும். கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போதே ஃபார்மைக் கையில கொடுத்துடுங்க. இன்னொண்ணு, ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) 2024 சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் அனுமதி 1 மணி நேரத்துக்குள்ள, டிஸ்சார்ஜ் அனுமதி 3 மணி நேரத்துக்குள்ள வரணும். 3 மணி நேரம் தாண்டி ஆஸ்பத்திரி கூடுதலா கேட்டா இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டணும். இதை எல்லாருக்கும் சொல்லி வைங்க.

பாலாற்றங்கரை:
கிளெய்ம் போடாததுக்குப் பரிசு வேண்டவே வேண்டாம். நெஞ்சுவலியைக்கூட மறைப்பாங்க. பிரசவத்துக்கு கிளெய்ம் போட்ட பொண்ணுக்கு அது தண்டனை மாதிரி ஆயிடும். சுகர், பிபி பரிசோதனைக்கு வந்தா கொடுங்க. சுகர் எவ்வளவு இருந்தாலும் சரி, வந்ததுக்குத்தான் பரிசு. ரிப்போர்ட் ஹெச்ஆர் கைக்கு வரவே கூடாது, வந்தாரா இல்லையான்னு தெரிஞ்சா போதும். காலை ஷிஃப்டுக்கு முன்னாடி வெறும் வயித்துல ரத்தம் எடுத்து, அங்கேயே இட்லி போடுங்க. மேல்விஷாரம், ஆம்பூர் ஆளுங்க இருப்பாங்க, நோன்பு மாசத்துல வைக்காதீங்க. 300 ரூபாய் மளிகை கூப்பனை அன்னிக்கே கையில கொடுத்துடணும். அப்புறம் தர்றோம்னா மறு வருஷம் கூட்டம் வராது.

ராணிப்பேட்டை_ஹெச்ஆர்:
நன்றி. ரூம் வாடகை வரம்பையே எடுக்கச் சொல்லி புரோக்கர்கிட்ட கேட்கலாமா?

கிளெய்ம்_டெஸ்க்:
கண்டிப்பா. வரம்போட ஒண்ணு, வரம்பு இல்லாம ஒண்ணுன்னு ரெண்டு கொட்டேஷன் வாங்குங்க. வித்தியாசத்தை 240 ஆல வகுத்து நிர்வாகத்துக்குக் காட்டுங்க.