தளபதி சொன்ன கதை, தாத்தா சொல்லாத கதை

சேப்பர் பேரன், வேலூர்:

பிரிட்டிஷ் ஜெனரல் பிரையன் ஹாரக்ஸை நான் சந்தித்தது பெங்களூர் அவென்யூ ரோட்டு நடைபாதையில். ஆளை அல்ல, புத்தகத்தை. 1960இல் அவர் எழுதிய தன்வரலாறு, 'எ ஃபுல் லைஃப்'. அட்டை கிழிந்திருந்ததால் நாற்பது ரூபாய்க்குத் தந்துவிட்டார்கள். நடுவில் புரட்டியபோது வட ஆப்பிரிக்க நகரமான டூனிஸின் பெயர் கண்ணில் பட்டது. அதற்காகத்தான் வாங்கினேன்.

என் தாத்தா மதராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 12ஆம் ஃபீல்டு கம்பெனிக்காரர். நான்காவது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவில் அலைந்தவர். போரைப் பற்றிக் கேட்டால் "நல்ல வெயில்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது களைக்கொத்தியை நேராக ஊன்ற மாட்டார், சாய்த்துத்தான் செருகுவார். கல் தட்டினால் கொத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மண்ணை விலக்கிப் பார்ப்பார். வயதானவரின் நிதானம் என்று நினைத்திருந்தேன். கண்ணிவெடி தேடுகிறவர்கள் துப்பாக்கிக் கத்தியை அப்படித்தான் செருகுவார்கள், மேலிருந்து குத்தினால் வெடித்துவிடும் என்று ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சொன்னபோது தாத்தா இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

1943 மே 6ஆம் தேதி டூனிசை நோக்கி நடந்த கடைசித் தாக்குதலில் அந்த டிவிஷன் ஹாரக்ஸின் 9ஆவது கோரில் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படையில்) இருந்தது. மறுநாளே நகரம் விழுந்தது. தாத்தா விழுங்கிவிட்ட கதையைத் தளபதியாவது எழுதியிருப்பார் என்று ஆசையோடு படித்தேன். டிவிஷன் இருந்தது, 12ஆம் கம்பெனியைக் காணவில்லை. அத்தனை பெரிய வரைபடத்தில் ஒரு கம்பெனி புள்ளியாகக்கூடத் தெரியாதுதான். ஆனாலும் சுருக்கென்றது.

இருந்தும் புத்தகத்தை மூட முடியவில்லை. மனிதர் அப்படிக் கதை சொல்கிறார். ராணிக்கேத்தில் 1895இல் பிறந்தவர், ராணுவ மருத்துவரின் மகன். 1914இல் காயத்தோடு ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போர் முடியும்வரை சிறை. ரஷ்யக் கைதிகளோடு அடைத்தார்கள். உட்கார்ந்து ரஷ்ய மொழி கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் நான்கு வருடச் சம்பளப் பாக்கியை லண்டனில் ஆறே வாரத்தில் கரைத்தார். அந்த மொழியை நம்பி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே போல்ஷ்விக்குகளிடம் மறுபடியும் கைதி! 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றிருக்கிறார். இத்தனைக்கும் பிறகுதான் நமக்குத் தெரிந்த போரே வருகிறது.

யாராவது அவரைத் திரையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

யாழ்ப்பாணத்து வாத்தியார், லண்டன்:

பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இங்கே படிக்க வந்த காலம். வீட்டுக்காரம்மாவின் முன்னறையில்தான் தொலைக்காட்சி. இரண்டாம் உலகப் போர் பற்றிய நீண்ட தொடர் ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் வெள்ளைத்தலை முதியவர் ஒருவர் திரையில் தோன்றியதும் அந்த அம்மா பின்னல் ஊசியைக் கீழே வைத்தார். "ஜாரக்ஸ்" என்றார். படையில் அவருக்கு அதுதான் செல்லப்பெயராம். அந்த அம்மாவின் கணவர், பின்னாளில் ஹாரக்ஸ் தலைமை தாங்கிய 30ஆவது கோரில் லாரி ஓட்டியவர். பாயும் காட்டுப்பன்றிதான் அந்தக் கோரின் சின்னம். அது தைத்த துணித்துண்டை அலமாரியிலிருந்து எடுத்துவந்து எனக்குக் காட்டினார்.

ஹாரக்ஸ் தொலைக்காட்சிக்குப் புதியவர் அல்லர் என்று பிறகு அறிந்தேன். 1943 ஜூனில் டூனிசியாவின் பிசெர்ட்டாவில் விமானத்திலிருந்து சுட்டதில் நெஞ்சிலும் வயிற்றிலும் குண்டு பாய்ந்தது. பதினான்கு மாதம் கழித்துப் போர்க்களம் திரும்பினாலும் அந்தக் காயம் விடவில்லை. 1949இல் படையை விட்டார். அதன்பின் 1963 வரை பிளாக் ராட் பதவி. நாடாளுமன்றக் கூட்டத் தொடக்கத்தில் மக்களவைக் கதவைக் கறுப்புக் கோலால் மூன்று முறை தட்டுகிறாரே, அந்த வேலைதான். இடையில் பி.பி.சி.யில் போர்க்கதை சொல்லிப் பெயர் வாங்கினார். ரெஜிமென்ட் வரலாற்று நூல்வரிசை ஒன்றுக்குப் பதிப்பாசிரியராகவும் இருந்தார். பேசும்போது கைகளும் சேர்ந்து பேசும். எங்கள் ஊர் வில்லுப்பாட்டுக்காரர் ஞாபகம் வந்தது எனக்கு. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் புரியாது என்று சொல்லவில்லை.

கால்வாய்க்கரை, ஐந்தோவன், நெதர்லாந்து:

நான் சிப் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பெல்ஜிய எல்லையிலிருந்து வால்கன்ஸ்வார்ட் வழியாக வரும் சாலையில் சைக்கிள் ஓட்டுவது வார இறுதிப் பொழுதுபோக்கு. 1944 செப்டம்பர் 17 பிற்பகல், ரைன் நதிக்கரை நகரமான ஆர்ன்ஹெம் போய்ச் சேருவதற்காக ஹாரக்ஸின் டாங்கிகள் புறப்பட்டது இந்தச் சாலையில்தான் என்று தெரியாமலே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கோர் முழுவதும் இந்த ஒற்றைச் சாலையை நம்பி வந்தது என்பதை இப்போதும் நம்ப முடியவில்லை.

சேப்பர் பேரன் அவர்களே, உங்கள் தளபதியை எனக்குப் பிடித்துப்போனது பெல்ஜியத் துறைமுகமான ஆன்ட்வெர்ப்பால். செப்டம்பர் 4 அன்று அவருடைய படை துறைமுகத்தைச் சேதமில்லாமல் பிடித்தது. அங்கே நின்றுவிட்டார்கள். இன்னும் 24 கிலோமீட்டர் போல வடமேற்கே போயிருந்தால் ஜெர்மனியின் 15ஆவது ராணுவம் பொறியில் சிக்கியிருக்கும். அது துறைமுகத்தைக் கடலோடு இணைக்கும் ஸ்கெல்ட் முகத்துவாரத்தைத் தாண்டித் தப்பியது. அந்தக் கடல்வழியும் ஜெர்மானியர் கையிலேயே இருந்தது. துறைமுகத்துக்கு முதல் சரக்குக் கப்பல் தொடர் வர நவம்பர் 28 ஆயிற்று. மேலிடத்து உத்தரவைக் காட்டித் தப்பித்திருக்கலாம். ஹாரக்ஸ் தவறு தன்னுடையது என்றே எழுதினார்: கண் முழுக்க ரைன் நதிமேல் இருந்ததாம். வேறு தளபதிகளின் நினைவுக் குறிப்புகளையும் படித்திருக்கிறேன். பெரும்பாலும் தவறு பக்கத்துப் படைப்பிரிவில்தான் நடந்திருக்கும்!

ஆர்ன்ஹெம் போகும் அதே வழியில் நைமேகனில் வால் நதிமேல் 2013இல் திறந்த பாலத்தைப் பார்த்தீர்களா? 1944 செப்டம்பர் 20 அன்று அந்த இடத்தில் படகில் கடந்தபோது இறந்த 48 அமெரிக்கர்களுக்காக 48 ஜோடி விளக்கு. மாலையில் ஒரு முன்னாள் படைவீரர் நடக்க, ஜோடி ஜோடியாக எரிகின்றன. என் மகள் எண்ணிக்கொண்டே வந்தவள், முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

சேப்பர் பேரன், வேலூர்:

வாத்தியார் ஐயா, அந்தக் காட்டுப்பன்றித் துணித்துண்டு இப்போது யாரிடம் இருக்கிறது? எங்கள் வீட்டில் ஆப்பிரிக்கா ஸ்டார் பதக்கம் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாட்டி அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது.

தாத்தாவின் படை எண் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள மதராஸ் சேப்பர்ஸ் மையத்துக்குப் போய் அவருடைய பதிவேடு இருக்கிறதா என்று கேட்கப்போகிறேன். அங்கே இதற்கு முன் போய்க் கேட்டவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும் என்று எழுதுங்கள்.